டிரைவர் போட்டதும் மானிட்டர் கறுத்துப் போனால் கோளாறை எங்கே தேடுவது

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வள்ளியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் பத்தாம் தலைமுறை ஐ5. ஆல்பம் டிசைன் வேகமாக ஓடட்டும் என்று செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினீர்கள். மாட்டியதும் படம் வந்தது. அந்தக் கார்டை விண்டோஸ் இயக்கத் தேவையான ஏஎம்டி டிரைவரைப் போட்டீர்கள். பாதியில் திரை ஒருமுறை வெட்டியது, பிறகு கறுத்துவிட்டது. அன்றிலிருந்து ஆன் செய்தால் போர்டு கம்பெனி லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அதோடு சரி. ஒரு கடையில் “விண்டோஸ் அடிச்சிருவோம்” என்கிறார்கள். இன்னொரு கடையில் கார்டைக் கழற்றிப் பார்த்தும் டிஸ்பிளே வரவில்லை, “போர்டு போச்சு” என்கிறார்கள். டிரைவரை எப்படி நீக்குவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கவலை வேறு இரண்டு என்று எனக்குப் படுகிறது. ஆவணி முகூர்த்தப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருக்கின்றனவே, அவை பத்திரமா? காசை இறக்குமுன் கோளாறு எதில் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? பாளையங்கோட்டையில் பல வருஷமாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. டிஸ்பிளே டிரைவர் கெட்டுப் போவதற்கும் டிஸ்க்கில் உள்ள படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ‘விண்டோஸ் அடிக்கிற’ அவசரத்தில் படங்கள் இருக்கும் டிஸ்க் பகுதியை (பார்ட்டிஷனை) தவறாக அழித்துவிட்டால் அவை போய்விடும். அதனால் வேறு எதையும் தொடுமுன் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிப் படங்களை நகல் எடுத்துவிடுங்கள். கல்யாணப் படம் இன்னொருமுறை எடுக்க முடியாத சரக்கு. நகல் கையில் இல்லாமல் எந்தக் கடைக்கும் அந்தப் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

விண்டோஸை அழித்துப் போடுவது இந்தக் கோளாறுக்கு மருந்தே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மருந்து மாதிரியே தோன்றும். புதிதாகப் போட்ட விண்டோஸில் ஏஎம்டி டிரைவர் இருக்காது. மைக்ரோசாஃப்டின் சாதாரண டிஸ்பிளே டிரைவரில்தான் ஓடும். அதனால் படம் பளிச்சென்று வரும், கடைக்காரரும் “சரியாயிட்டு” என்று கொடுத்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து நெட் இணைத்த கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் தானாகவே கார்டின் டிரைவரை இறக்கும். திரை மறுபடி கறுக்கும். இதே அலைச்சலில் ஒரே பெட்டியை இரண்டு மூன்று முறை ஃபார்மட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆன் செய்ததும் லோகோ தெரிகிறதே, அந்த நேரத்தில் கார்டு முழு வேகத்தில் ஓடவில்லை. கார்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் அடிப்படைப் புரோகிராமான பயாஸ் அதைக் குறைந்த வேகத்தில் நிறுத்தி, ஒரு சாதாரணப் படத்தை மட்டும் அனுப்ப வைக்கிறது. விண்டோஸ் உள்ளே வந்து, அசல் டிரைவர் ஏறிய பிறகுதான் கார்டு முழுதாக விழிக்கிறது. மெமரி முழு வேகத்துக்குப் போகிறது, கரண்ட் இழுப்பது ஏறுகிறது, மானிட்டரிடம் ‘உனக்கு எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ்’ என்று கேட்டு அதன்படி படத்தை மாற்றுகிறது. ஆகவே லோகோ வந்து, அதற்குப் பிறகு கறுத்தால், கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றுக்கும் உயிர் இருக்கிறது என்பது நிச்சயம். அதற்காகக் கார்டு நல்ல கார்டு என்று சொல்லிவிட முடியாது. டிரைவர் போட்டபோது கெட்டது என்பதாலேயே டிரைவர்தான் குற்றவாளி என்றும் ஆகாது. பல நேரம், ஏற்கெனவே இருந்த குறையை டிரைவர் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

கறுத்த பிறகு பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கீபோர்டு போதும். நம் லாக் (Num Lock) பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் இல்லை. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். அது டிஸ்பிளே டிரைவரை மட்டும் மறுபடி கிளப்பும். சில நேரம் அதிலேயே படம் வந்துவிடும். விளக்கு அசையவில்லை, கார்டின் ஃபேன் மட்டும் திடீரென்று முழு வேகத்தில் இரைகிறது என்றால், கார்டு வேலையை விட்டுவிட்டது. அங்கே கரண்ட் அல்லது கார்டின் மீதுதான் முதல் சந்தேகம். பெட்டி மொத்தமும் அணைந்தோ ரீஸ்டார்ட் ஆகியோ போனால் பெட்டிக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள்.

இனி “போர்டு போச்சு” என்றவர் விஷயம். உங்கள் பிராசசர் 10400 என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பின்னால் எஃப் என்று ஓர் எழுத்து உண்டா என்று பில்லிலோ பெட்டியிலோ பாருங்கள். 10400 என்றால் அதற்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறது. 10400 எஃப் என்றால் கிடையாது. எஃப் வகையில் கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் எச்டிஎம்ஐயில் கேபிளைச் சொருகினால் எந்த ஜென்மத்திலும் படம் வராது. போர்டு புத்தம் புதிதாக இருந்தாலும் வராது. அதைப் பார்த்துத்தான் அந்தக் கடைக்காரர் முடிவு கட்டினாரோ என்று எனக்குச் சந்தேகம். கார்டு மாட்டியிருக்கும்போது லோகோ வருகிற போர்டு, போன போர்டு இல்லை.

எஃப் இல்லாத பிராசசர் என்றால் உங்களுக்கு வேலை சுலபம். பவரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, கார்டைக் கழற்றி வையுங்கள். மானிட்டர் கேபிளை போர்டின் பின்பக்கம் மாட்டி ஆன் செய்யுங்கள். விண்டோஸ் இன்டெல் கிராஃபிக்ஸில் வந்து நிற்கும். ஆல்பத்தை அதிலேயே முடித்துக் கொடுத்துவிடலாம். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பார்ட்டிக்குச் சொன்ன தேதி தப்பாது.

எஃப் என்றால், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைக் கிளப்பும் சேஃப் மோடுதான் வழி. ஆன் செய்து, வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்குப் போய்விடும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் எண் போட்ட ஒரு பட்டியல் வரும். நான்கை அழுத்தினால் சேஃப் மோடு. இந்தத் திரைகளில் எல்லாம் ஏஎம்டி டிரைவர் ஏறாது என்பதால் படம் தெரியும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டர் என்றால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். பயந்துவிடாதீர்கள், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்து போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். பட்டன் அழுத்தி அணைப்பது டிஸ்க்குக்கு நல்லதல்ல. அதற்காகவும்தான் முதலில் நகல் எடுக்கச் சொன்னேன்.

உள்ளே போனதும் கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுத்து விட்டுவிடாதீர்கள், மிச்சம் மீதி நிறைய கிடக்கும். ஏஎம்டியே கிளீனப் யுட்டிலிட்டி என்று ஒன்று தருகிறது. அதைவிட நான் நம்புவது வாக்னார்ட்சாஃப்ட் வெளியிடும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், எங்கள் பேச்சில் டிடியூ. அது இலவசம்தான். அதை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். லேன் வயரை உருவிவிட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, சேஃப் மோடில் ஓட்டுங்கள். நெட்டை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் டிரைவர் போட, விண்டோஸ் அப்டேட் மறுபக்கம் தன்னிடம் இருக்கும் வேறொரு பதிப்பைப் போட, இரண்டும் மோதிக்கொண்டு பாதியில் திரை கறுப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. உங்களுக்குப் ‘பாதியில் வெட்டியது’ என்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள், சல்லிக்காசு செலவில்லை.

சுத்தம் செய்த பிறகு கார்டை மாட்டி, ஏஎம்டி தளத்தில் ஆர்எக்ஸ் 580 என்று பெயர் கொடுத்து, அதற்கென வருகிற பொதியையே இறக்குங்கள். இந்தக் கார்டு பொலாரிஸ் வகை. 2023 கடைசியிலிருந்து பொலாரிஸ், வேகா கார்டுகளுக்கு ஏஎம்டி தனி டிரைவர் தருகிறது. புதிய கார்டுகளுக்கான பொதியை எடுத்துப் போட்டுப் பார்த்தால் சரிப்படாது. போடும்போது ‘டிரைவர் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், மற்ற அலங்காரங்கள் இப்போது வேண்டாம்.

இதற்குப் பிறகும் அதே இடத்தில் கறுத்தால் டிரைவரை விட்டுவிடுங்கள். வேறு பதிப்பு, பழைய பதிப்பு என்று ராத்திரி முழுக்க மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சுத்தமாகத் துடைத்துப் போட்ட சரியான டிரைவரில் ஒரே மாதிரி விழுந்தால், என் அனுபவத்தில் முக்கால்வாசி கரண்ட் விஷயம்தான். உங்கள் எஸ்எம்பிஎஸ் ‘450 வாட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேபினெட்டோடு வந்ததா, தனியாக வாங்கியதா என்று எழுதவில்லை. மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கிற சோறு. 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். ஆர்எக்ஸ் 580 மட்டுமே 185 வாட் கார்டு, பிராசசர் 65 வாட், அதுவும் டர்போவில் இன்னும் மேலே போகும். ஆக 21 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கணக்கே உதைக்கிறது. இந்தக் கார்டுக்கு ஏஎம்டி சொல்வது நல்ல தரமான 500 வாட் எஸ்எம்பிஎஸ். டிரைவர் இல்லாத வரை கார்டு கொஞ்சமாகத்தான் இழுக்கும் என்பதால் அதுவரை எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

அதைவிட முக்கியம், கார்டின் எட்டு பின் சாக்கெட்டுக்கு எங்கிருந்து வயர் போகிறது என்பது. முக்கூடல் பக்கமிருந்து ஒரு பெட்டி வந்தது, உங்களுடையது போலவே டிரைவர் போட்டதும் கறுப்பு. சைடு மூடியைத் திறந்ததுமே சுட்ட பிளாஸ்டிக் வாடை. எஸ்எம்பிஎஸ்ஸில் எட்டு பின் வயர் இல்லாததால், டிஸ்க்குக்குப் போகிற சாட்டா பவர் கனெக்டரில் ஒரு கன்வெர்ட்டரைச் சொருகி கார்டுக்குக் கொடுத்திருந்தார்கள். கனெக்டரின் மஞ்சள் வயர் நுழைகிற மூலையில் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, உள்ளே இருந்த பின் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். எட்டு பின் கனெக்டரிலிருந்து கார்டு 150 வாட் வரை கேட்கலாம். இது படம் வராத கோளாறோடு நிற்காது, தீப்பிடிக்கிற விஷயம். உங்கள் பெட்டியில் அப்படி ஒரு கன்வெர்ட்டர் இருந்தால், இந்தப் பதிலை முழுதும் படிக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். எட்டு பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேரே வர வேண்டும்.

கரண்டும் சரி என்றால் அடுத்த சந்தேகம் கார்டின் பூர்வீகத்தில். ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் கிரிப்டோ மைனிங்குக்கு, அதாவது ராப்பகலாகக் கணக்குப் போட்டு டிஜிட்டல் நாணயம் ஈட்டுவதற்குப் பேர்போனவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு மைனிங்கில் ஓடிய கார்டுகள் கட்டுக்கட்டாகப் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் செய்தவர்கள் பலர் கார்டின் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். மாற்றிய பயாஸை ஏஎம்டி டிரைவர் சோதித்து ஏற்க மறுக்கும். அந்த நிலையில் பெரும்பாலும் திரை கறுக்காது. பெரிய பெரிய எழுத்தாகப் படம் நிற்கும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43 என்ற பிழை எண்ணும் தெரியும். ஆனால் மெமரியை முறுக்கி விட்டிருந்தால் டிரைவர் ஏறி மெமரி வேகம் எடுத்த நொடியில் கறுப்பு அல்லது திரை முழுக்கப் புள்ளியும் கட்டமும் விழும். சில மாடல்களில் கார்டின் விளிம்பில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், இரண்டு பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. பவரை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். இரண்டாவது பயாஸ் தொடப்படாத அசலாக இருந்தால் கார்டு அப்படியே சரியாகிவிடும். அதில் சரிவராமல் நாமே பயாஸ் எழுதலாம் என்றால், வழி தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள்.

பெயரையே மாற்றி விற்பதும் உண்டு. 580 என்று சொல்லி 2048எஸ்பி என்ற வகையைத் தருவார்கள். உள்ளே இருப்பது 570இன் சிப் அளவுதான். ஓடும், ஆனால் 580 விலைக்கு அது தகாது. ஜிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமைச் சேஃப் மோடுக்கு வெளியே, படம் வந்த பிறகு ஓட்டினால் ஷேடர் (கார்டுக்குள் படக் கணக்குப் போடும் குட்டி அலகுகள்) எண்ணிக்கை காட்டும். 2304 என்றால் அசல் 580.

நம் ஊர்ப் பக்கம் வாங்கிய பழைய சாமானில் இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் எத்தனையோ கடைகளிலும் வீடுகளிலும் கம்ப்யூட்டர்கள் தண்ணீரில் நின்றன. காயவைத்து ஓடவிட்ட சாமான்கள் பிறகு கை மாறின. கார்டை வெளிச்சத்தில் பிடித்து, ஸ்லாட்டில் போகிற தங்கநிறப் பற்களையும், திருகுகளின் தலையையும், ஃபேனுக்கு அடியில் சிப்களின் கால்களையும் பாருங்கள். திருகில் துருவோ, கால்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த மாதிரியோ இருந்தால் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். பற்களில் வெறும் அழுக்கு என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டலாம். ரப்பர் போட்டு அழுத்தித் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. தங்கப்பூச்சு ரொம்ப மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்.

மானிட்டர் பழையது, விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் குட்டி கன்வெர்ட்டர் வைத்திருப்பீர்கள். அதையும் ஒருமுறை விலக்கிப் பாருங்கள். டிரைவர் ஏறியதும் மானிட்டரின் விவரத்தைக் கேட்கும், மலிவான கன்வெர்ட்டர் தப்பாகச் சொல்லும், மானிட்டர் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று காட்டும் அல்லது கறுத்துவிடும். வீட்டு டிவியில் நேரே எச்டிஎம்ஐ சொருகினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சொருகும்போது இரண்டையும் அணைத்துவிட்டுச் சொருகுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் ஓடுகிற கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமே, அந்தக் கசிவு எச்டிஎம்ஐ போர்ட்டையே வாங்கிவிடும். எங்கள் பக்கம் பழைய கட்டடங்களில் மூன்றாவது ஓட்டை வெறும் பெயருக்குத்தான் இருக்கிறது. ஸ்டுடியோவுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோளாறுகளைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டரில் ‘லைவ் கெர்னல் ஈவென்ட் 141’ என்று கண்டு, கார்டு செத்துப்போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். கேட்டதற்குக் கார்டு குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்பதே அதன் பொருள். விண்டோஸ் சாதாரணமாகக் காத்திருப்பது இரண்டு நொடி. பதில் தராததற்குக் கார்டு காரணமாகலாம், கரண்ட் குறைவும் காரணமாகலாம், டிரைவரும் ஆகலாம். அந்த எண்ணை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

பெட்டியைத் தொட்டுப் பார்க்காமல் இங்கிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாதது ஒன்றுதான்: கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா. இரண்டும் ஒரே மாதிரித்தான் விழும். அதைப் பிரிக்க ஒரே நம்பகமான வழி, நல்ல 500 வாட்டுக்கு மேல் எஸ்எம்பிஎஸ் இருக்கிற இன்னொரு பெட்டியில் உங்கள் கார்டை மாட்டி, அங்கேயும் டிரைவர் போட்டு, அரைமணி நேரம் ஏதாவது கேமை ஓட்டுவது. படம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘கார்டு நல்லா இருக்கு’ என்று திருப்பித் தந்தால் அது சோதனையே இல்லை, உங்கள் பெட்டியிலும்தான் டிரைவர் போடும் வரை படம் வந்தது. அங்கே ஓடினால் எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். அங்கேயும் கறுத்தால் கார்டை விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள், கறுக்கிற அந்த இடத்தைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். திருப்பித் தர எத்தனை நாள் கெடு கொடுத்தார் என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், நாள் போனால் பேச வழியிருக்காது.

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரையும், கார்டுக்குப் போகிற வயர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் தெளிவாக இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். பிராசசர் எஃப்தானா என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.